சுண்டுவிரலுக்குக் கணப்பு

முழங்காலைச் சுற்றி ஊசி குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரித்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் நான்தான்.

எண்பத்தைந்தாம் வருஷம், ஐப்பசி அடைமழை. ஏற்காட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன மருந்தகத்தின் பெஞ்சில், காக்கி கால்சட்டையைத் தொடைவரை சுருட்டிவிட்டு அசையாமல் இருந்தேன். ஓமலூர்க்காரனைக் கொண்டுபோய் மலையில் தபால்காரனாகப் போட்டால் முழங்கால் என்னத்துக்கு ஆகும்? பதினோரு வருஷம் ஏறி இறங்கியதில் வலது முட்டி மடக்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது. அதைச் சுற்றித்தான் நாலு ஊசி, தலைமுடி கனத்தில், நட்டமாக நின்றன.

"ஏனுங்க சிஸ்டர், இந்த ஊசியில மருந்து எதுவழியா எறங்குது?" என்று கேட்டேன்.

"மருந்தே கெடையாதுங்க மாரிசாமி."

"அப்ப வெறும் ஊசியா?"

"வெறும் ஊசிதான். பேசாம உக்காருங்க, இன்னும் பத்து நிமிசம்."

எனக்குக் கோபமாக வந்தது. மருந்தில்லாத ஊசிக்கா இந்தக் குளிரில் தொடையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்? ஆனால் சிஸ்டர் ஞானசுந்தரியிடம் கோபத்தைக் காட்ட முடியாது. இருபது வருஷமாக இந்த மலையில் பிரசவம் பார்க்கிறவர். போன வருஷம் கொழும்புக்குப் போய் ஆறு மாதம் சீன வைத்தியம் படித்துவிட்டு வந்தார். அதற்கான சாமான்கள் கொழும்பிலிருந்து பார்சலில் வரும். அந்தப் பார்சலைச் சுமந்து வருகிறவனும் நான்தான். சுமந்து வந்த ஊசியே என் முட்டியில் ஏறுமென்று யாருக்குத் தெரியும்?

அப்போதுதான் சித்தனும் அவன் பெண்டாட்டி ஆராயியும் ஒரே கம்பளிக்குள் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். கரடியூருக்குக் கீழே ஓடையைத் தாண்டித் தனியாக நிற்கிற ஊடு அவர்களுடையது. சித்தனின் அண்ணன் பட்டாளத்தில் இருந்தான். அவன் கடிதம் வந்தால் கொண்டுபோய்க் கொடுப்பதோடு என் வேலை முடியாது, படித்தும் காட்ட வேண்டும். படித்து முடித்தால் ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் கிடைக்கும். அந்தக் களிக்காகவே அவன் மாதம் இரண்டு கடிதம் எழுதக் கூடாதா என்று நான் நினைத்ததுண்டு.

ஆராயிக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டர் அவளைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார். எழுந்து வெளியே போவதுதான் மரியாதை. முட்டியில் ஊசியோடு எங்கே போவது? எல்லாம் என் காதில் விழுந்தது.

"தலை மேல இருக்குது ஆராயி. உக்காந்தாப்புல இருக்குது கொழந்தை. நெஞ்சுத் துடிப்பு பாரு, தொப்புளுக்கு மேல கேக்குது."

 பிறகு ஆராயியின் குரல் கேட்டது. "மொதப் புள்ளை மாதிரியேவாங்க சிஸ்டர்?"

"அதே மாதிரிதான் கண்ணு."

எனக்கு அந்தக் கதை தெரியும். மலையில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு முதல் பிரசவம், கால் முன்னால் வந்துவிட்டது. கம்பில் போர்வையைத் தூளி கட்டி ரோட்டுவரை தூக்கி வந்து, யாரோ எஸ்டேட்காரரின் ஜீப்பில் ஏற்றி, சேலத்துக்கு இறங்கினார்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் ஏழாவது வளைவுக்கு வரும்போதே குழந்தை போய்விட்டது. ஆண் குழந்தை. அதற்குப் பிறகு ஆராயி அந்த ரோட்டில் கால் வைத்ததில்லை. தம்பி கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை.

"இப்ப முப்பத்திநாலு வாரம்" என்றார் சிஸ்டர். "இன்னும் ரெண்டு வாரத்துக்குள்ள திரும்புனாத்தான் உண்டு. அப்புறம் உள்ள எடம் பத்தாது."

"திரும்பலீன்னா?"

"நானே கூட வந்து சேலத்துல பெரியாஸ்பத்திரியில சேக்கறேன். முன்கூட்டியே போயிட்டா ஆபரேசன் பண்ணி எடுத்துருவாங்க. நீயும் நல்லா இருப்பே, புள்ளையும் நல்லா இருக்கும்."

"அந்த ரோட்டுல எறங்க மாட்டனுங்க சிஸ்டர். செத்தாலும் எறங்க மாட்டன்."

"வாயைக் கழுவு. எறங்கித்தான் ஆவோணும்னா எறங்கித்தான் ஆவோணும்" என்று அதட்டினார் சிஸ்டர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "அதுக்கு முந்தி ஒண்ணு பண்ணிப் பாக்கலாம்."

திரையை விலக்கிக்கொண்டு வந்து அலமாரியைத் திறந்தார். உள்ளே வெள்ளைத் தாளில் சுற்றிய உருளைகள் ஐந்து இருந்தன. ஒரு சாண் நீளம், கட்டைவிரல் கனம். ஏதோ இலையை இடித்துப் பஞ்சாக்கி உள்ளே அடைத்தது. ஒன்றைப் பற்றவைத்துக் காட்டினார். சுவாலை இல்லாமல் நுனி மட்டும் கனிந்தது.

"சித்தா, நல்லா பாத்துக்க. ரெண்டு காலுக்கும் சுண்டுவிரல் இருக்குதல்ல, நகத்துக்கு வெளி ஓரம். ரெண்டு கையிலயும் ஒவ்வொண்ணு புடிச்சு, ரெண்டு விரக்கடை தள்ளி அனல் காட்டணும். சுடக் கூடாது, கணகணன்னு இருக்கோணும். காத்தால கால் மணி, அந்திக்குக் கால் மணி. பத்து நாளு."

சித்தன் உருளையையும் சிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தான். "காலுக்குங்களா? புள்ளை வவுத்துலயல்லங்க இருக்குது?"

"சீனாக்காரங்க நெடுங்காலமா இப்படித்தான் பண்றாங்க. திரும்பினாலும் திரும்பும், திரும்பாமயும் போவும். சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். கெடுதல் வராது, அவ்வளவுதான்."

"அதில்லீங்க சிஸ்டர்..." சித்தன் கம்பளி ஓரத்தைப் பிசைந்தான். "பொண்டாட்டி காலடியில ஆம்பள உக்கார்றதுங்களா? ஊருக்குத் தெரிஞ்சா கெக்கலி கொட்டுவாங்க."

"வேற யாரு இருக்கா உங்க ஊட்டுல?"

"எங்கப்பன் ஒருத்தருதானுங்க."

"அப்ப நீதான் உக்காரோணும். கதவச் சாத்திக்கிட்டு உக்காரு."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏண்டா சித்தா, கைய வெச்சா தொடப்போற? நெருப்புத்தானே கிட்டப் போவுது" என்றேன். அது அவனுக்கு நியாயமாகப் பட்டிருக்க வேண்டும், ஐந்து உருளைகளையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டான். அத்தனையும் கொடுத்துவிட்ட சிஸ்டர் என் பக்கம் திரும்பி, அடுத்த பார்சல் எப்போது வருமென்று கேட்டார். கடல் தாண்டி வருகிற பார்சலுக்கு நான் என்ன சொல்வது?

நாலாம் நாள் மத்தியானம் பட்டாளத்துக் கடிதம் ஒன்று வந்தது. களி ஆசையில் ஓடையைத் தாண்டினேன். ஊட்டுக்கு நூறு அடி முன்னாலேயே சித்தனின் சத்தம் கேட்டது. சித்தன் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. எஸ்டேட்டில் மேஸ்திரி திட்டினால்கூடக் குனிந்துகொண்டு களை கொத்துகிறவன்.

வாசலில் அவனுடைய அப்பா முனியப்பன் குத்துக்காலிட்டுத் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். மலையில் அவருடைய சுருட்டுப் பழக்கம் பிரசித்தம். புகையிலை வாங்கி வந்து தானே சுருட்டுவார், தானே ஊதுவார். வாயில் சுருட்டு இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு.

"என்னங்க பெரியவரே, என்ன ரகளை?"

"தப்புப் பண்ணிப்போட்டனுங்க தபால்காரரே" என்றார், தலை நிமிராமல். "மழையில ஞாயித்துக்கெழமை சந்தைக்குப் போவ முடியல. பொயலை தீந்துபோச்சு. மூணு நாளா வாய் நமநமன்னு இருந்துச்சு. மாடக்குழியில துணிக்குள்ள சுருட்டாட்டம் இருந்துச்சுங்க. பய எனக்குத் தெரியாம குடிக்கப் பழகிட்டான்னு நெனச்சேன்."

"குடிச்சுட்டீங்களா?"

"ரெண்டரை."

"அதென்ன அரைக் கணக்கு?"

"மூணாவதுல பாதியில இவன் வந்துட்டான்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சித்தனின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

"சிரிக்கிற சங்கதியாங்க இது? அவளுக்கு வெச்சிருந்த மருந்தை ஊதிப்போட்டாரு! ஒரு வார்த்தை கேக்க வாய் இல்லியா?"

அதற்குத்தான் பெரியவர் நிமிர்ந்தார். "எப்புடிடா கேப்பன்? காத்தால ஒருக்கா அந்திக்கு ஒருக்கா புருசனும் பொண்டாட்டியும் கதவச் சாத்திக்கிட்டா, பெத்த அப்பன் கதவத் தட்டி என்னடா பண்றீங்கன்னு கேப்பனா? எனக்குன்னு ஒரு மானம் இருக்குதல்ல? நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா தொட்டிருப்பனா?"

"என்னன்னு சொல்றது? உம்மருமவ காலுக்கு நான் நெருப்புக் காட்டறன்னு சொல்றதா?"

"சொன்னா என்ன?"

 ஆராயி உள்ளே அடுப்போரம் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. குரலும் ஏறவில்லை.

"உடுங்க. இன்னைக்கு அந்திக்கு இருக்குது. நாளைக்குக் காத்தாலைக்கும் வரும். அப்புறம் இல்ல" என்றாள். பிறகு, உரித்த மொச்சையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மொதப் புள்ளைக்கு ரெண்டு காலும் வெளிய வந்துருச்சு மாமா. வெரலெல்லாம் அசைஞ்சுச்சு. நான் எட்டித் தொட்டுப் பாத்தன். இது வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல."

முனியப்பன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "தூளிக் கம்பு முன்பக்கம் எந்தோள்லதான் கண்ணு இருந்துச்சு" என்றார். தோள் குலுங்கியது. நான் கையில் கடிதத்தை வைத்துக்கொண்டு முட்டாள் மாதிரி நின்றேன். 

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தார். "சேர்வராயன் மேல ஆணை. இந்தப் புள்ளை தரையில உழுகிற வரைக்கும் பொயலையத் தொட மாட்டன்" என்றார். உள்ளே போக ஒரு அடி வைத்தவர் நின்றார். "டேய் சித்தா. அது என்ன எலைன்னு சிஸ்டரு சொல்லுச்சா?"

"சீனாக்கார எலை. கொழும்புலருந்து வரோணும்."

"சீனாவுமில்ல, கொழும்புமில்ல. மொத இழுப்புலயே தெரிஞ்சுது பொயலை இல்லன்னு. கசப்பு நாக்குல ஒட்டிக்கிச்சு. ரெண்டாவது இழுப்புல வாசனை மூக்குக்கு ஏறுச்சு. அது நம்ம மாசிப்பத்திரிடா."

"எது? எஸ்டேட்டுல கொத்திக் கொத்தி எறியறனே, அந்தக் களையா?"

"அதேதான்."

"தெரிஞ்சுமா மூணாவதைப் பத்தவெச்சீங்க?" என்றேன்.

"வாய் கேக்கலியேங்க" என்றார் பாவமாக.

ராகிக் குதிரின் மூடியைத் திறந்து தோள்வரை கையை விட்டார். ராகி கொட்டும்போது அடியில் ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு மாசிப்பத்திரியைப் பரப்பி வைப்பது அவர்கள் வழக்கம். பூச்சி அண்டாது. அவர் அள்ளிக்கொண்டு வந்த கொத்துகள் காய்ந்து சாம்பல் நிறத்தில் இருந்தன. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். தூளாகாமல் பஞ்சாகத் திரண்டது. மூக்கருகே நீட்டினார். மருந்தகத்தில் சிஸ்டர் பற்றவைத்தபோது வந்த அதே வாசனை.

"பச்சைச் செடி மழையில நனைஞ்சு கெடக்குது, இப்பப் பறிச்சா ஆவாது" என்றார். "இது ஆராயி இந்த ஊட்டுக்கு வந்த வருசம் போட்டது. மூணு வருசம் ஆவுது."

ஒரு கைப்பிடியைத் தபால் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்குக் களி சாப்பிடவில்லை. கடிதத்தைப் படித்துக் காட்டவும் மறந்துபோனேன்.

சிஸ்டர் அந்த இலையை முகர்ந்தார். இலையின் அடிப்பக்க வெண்மையை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். கிள்ளி உருட்டிச் சாம்பிராணிக் கரண்டியில் வைத்துப் பற்றவைத்தார். கனிந்து, அணையாமல் எரிந்தது. கொழும்பிலிருந்து கொண்டுவந்த தடிப் புத்தகத்தைப் புரட்டி ஒரு படத்தோடு ஒப்பிட்டார். எனக்குப் பொறுமை போனது.

"அதுதானா இல்லியா, சொல்லுங்க சிஸ்டர்."

"அதுதாங்க. எப்ப பறிச்சதாம்?"

"மூணு வருசம்னாரு."

சிஸ்டர் புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தார். "எனக்கு வந்ததெல்லாம் புதுசு. மூணு வருசம் பழசுதான் ஒசத்தின்னு இதுல போட்டிருக்குது. ராகிக் குதிருக்குள்ளயா இருந்துச்சு? நான் கடல் தாண்டிப் போயி வாங்கியாந்தேன்!"

உரலில் இடித்து, சலித்து, காம்பும் தூளும் போக நிற்கிற பஞ்சை மட்டும் எடுக்கச் சொன்னார். சுற்றுவதற்கு மெல்லிய தாள் வேண்டும். கடைவீதியில் வெளிநாட்டுக்கு எழுதுகிற இளநீலத் தாள் ஒரு கட்டு வாங்கினேன். வெளிநாட்டில் எனக்கு யாரும் இல்லை. கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

மறுநாள் விடிந்ததும் போய்ச் சேர்ந்தேன். முட்டி வலித்ததா என்று கேட்டால், அன்றைக்கு அதைப் பற்றி நினைக்கவே நேரமில்லை. சித்தன் வேலைக்குப் போகாமல் உலக்கை பிடித்தான். இடிக்க இடிக்கத் தும்மல். பெரியவர் சல்லடையில் தட்டித் தட்டி மறுபடி உரலில் போட்டார். நாலாவது தடவை சலித்தபோது இலவம்பஞ்சு மாதிரி நின்றது. அதைத் தாளில் பரப்பி, கட்டைவிரல்களால் அழுத்தி, எச்சில் தொட்டு ஒட்டினார். ஐம்பது வருஷம் சுருட்டுச் சுருட்டிய கை. ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே இறுக்கம். நான் ஒன்று சுற்றினேன். நடுவில் வயிறு வைத்துக்கொண்டது.

"அது தபால் பையாட்டம் இருக்குதுங்க" என்றார். ஆராயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து கதவு சாத்தவில்லை. காலையிலும் அந்தியிலும் அடுப்புக்குப் பக்கத்தில் ஆராயி பலகைமேல் சாய்ந்து கால் நீட்டுவாள். சித்தன் இரண்டு கையிலும் நீல உருளையோடு குந்துவான். பெரியவர் மட்டும் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். மருமகள் காலை மாமனார் ஏறெடுத்துப் பார்ப்பது அவர்களிடத்தில் வழக்கமில்லை.

எட்டாம் நாள் வந்தது. குழந்தை அசைந்ததே ஒழியத் திரும்பவில்லை. ஆராயி வயிற்றின் மேல்பக்கம் கையை வைத்து, "இங்கதான் தலை, கல்லாட்டம் இருக்குது" என்று எனக்கும் சொன்னாள். பதினோராம் நாள் சிஸ்டர் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். திரும்பாவிட்டால் சேலத்துக்கு இறங்க வேண்டும். 

அன்றைக்கு மத்தியானம் நான் அங்கே இருந்தபோதுதான் வானம் கிழிந்தது. ஒரு மணி நேரத்தில் ஓடை இடுப்பளவுக்கு ஏறிச் செம்மண் நிறத்தில் ஓடியது. நான் திரும்ப முடியாது என்று தெரிந்துபோயிற்று. சித்தன் எஸ்டேட்டிலிருந்து வர வேண்டும். அந்தி சாய்கிற நேரம் அவன் அக்கரையில் வந்து நின்றான். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு என்னவோ கத்தினான். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"இறங்கிடாதடா!" என்று நானும் பெரியவரும் கத்தினோம். அவனுக்கும் கேட்டிருக்காது.

பிறகு அவன் கத்துவதை விட்டான். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, எதையோ பிடிப்பதுபோல முஷ்டியை மடக்கிக் காட்டினான். அப்பாவை நோக்கி விரலை நீட்டினான். மறுபடி இரண்டு முஷ்டி. மழையில் நின்றுகொண்டு அதையே திரும்பத் திரும்பச் செய்தான்.

பெரியவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஊட்டுக்குள் வந்தோம். ஆராயி ஏற்கெனவே கால் நீட்டி உட்கார்ந்து, சேலையைப் பாதம் மறைய இழுத்துவிட்டிருந்தாள்.

"ஒரு அந்தி உட்டாக் குடியா முழுகிப்போவும்?" என்றார் பெரியவர், யாரையும் பார்க்காமல்.

"சிஸ்டர் ஒரு வேளைகூட உடக் கூடாதுன்னுச்சுங்க மாமா."

"பெரியவரே, உங்களுக்குச் சங்கடமா இருந்தா நான் வேணும்னா..." என்று ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, அசலூர் ஆம்பள எம்மருமவ காலடியில உக்காருவீங்களாக்கும்? அதுக்கு நானே உக்காந்துக்கறன்!" என்று சீறினார். நான் மூலையில் போய் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

உருளைகள் மழை ஈரத்தில் நமத்திருந்தன. கனலில் வைத்தால் கருகி அணைந்தன. பெரியவர் ஒன்றை வாயில் வைத்து, கனலோடு நுனியைச் சேர்த்து, கன்னம் ஒட்ட இழுத்தார். கனிந்தது. அதை எடுத்துவிட்டு அடுத்ததை வைத்து இழுத்தார். புகை மூக்கு வழியே வந்தது. உடனே வாயைத் துடைத்துக்கொண்டார். "குடிக்கல கண்ணு, பத்தவெக்கத்தான் இழுத்தன்."

"தெரியுமுங்க மாமா."

காலடியில் குந்தினார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். கை எங்கேயோ போயிற்று. ஆராயி "ஆ!" என்று காலை இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ சாமி! சுட்டுப்போட்டனா?"

"பாக்காமப் புடிச்சா சுடத்தானுங்க செய்யும்" என்றாள். சேலையைத் தானே கணுக்காலுக்கு மேலே தூக்கிவிட்டாள். "பாத்தே புடிங்க மாமா. மொதப் புள்ளைக்குக் கம்பு தூக்குனீங்க. இதுக்கு என்ன வெக்கம்?"

பெரியவர் திரும்பினார். மருமகளின் பாதத்தைப் பார்த்தார். மெட்டி, வெடித்த குதிகால், எஸ்டேட் சேறு ஏறிய நகம். சுண்டுவிரல் நகத்தின் ஓரத்துக்கு இரண்டு விரக்கடை தள்ளி உருளைகளை நிறுத்தினார். அதற்குப் பிறகு கை அசையவில்லை.

"சூடா இருக்குதா கண்ணு?"

"கணகணன்னு இருக்குதுங்க."

சாம்பல் சேர்ந்தால் கிண்ணத்தில் தட்டினார். கனல் மங்கினால் ஊதினார். கால் மணி ஆனதும் நான் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன். "இன்னும் செத்த நேரம்" என்றார். கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

திடீரென்று ஆராயி பலகையைப் பிடித்துக்கொண்டாள். சேலைக்கு மேலேயே தெரிந்தது. வயிறு ஒரு பக்கமாக எழும்பி, முழங்கை இடித்ததுபோல மேடு ஒன்று பக்கவாட்டில் நகர்ந்தது. அவள் மூச்சை அடக்கினாள். மேடு இன்னும் நகர்ந்து, விலாவோரம் தங்கி, அப்புறம் கீழே போயிற்று. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"நோவுதா? வலியா? எடுத்துரட்டுமா?" பெரியவருக்கு நாக்குக் குழறியது.

"எடுக்காதீங்க. புடிங்க. புரளுது மாமா, புரளுது."

அவள் மேல்வயிற்றைத் தடவினாள். இங்கே அங்கே அழுத்திப் பார்த்தாள். "கல்லக் காணோம்" என்றாள். திரும்பவும் தடவினாள். "இங்க இருந்த கல்லக் காணோமுங்க மாமா." அழுதாள், சிரித்தாள், இரண்டும் சேர்ந்து வந்தது. பெரியவர் உருளைகளைப் பிடித்தபடியே இருந்தார். கீழே வைக்கலாம் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

விடியற்காலையில் தண்ணீர் வடிந்ததும் சித்தன் வந்தான். யாரும் சொல்வதற்கு முன்னால் அப்பாவின் கையைப் பார்த்தான். விரல் நுனியெல்லாம் மாசிப்பத்திரிப் புகையின் மஞ்சள் கறை. அடுப்பில் வெல்லக் காப்பி வைத்து முதல் டம்ளரை அவரிடம் நீட்டினான்.

அன்றைக்கே மருந்தகத்துக்குப் போனோம். சிஸ்டர் மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். தொப்புளுக்கு மேலே கேட்டார், தலையை ஆட்டினார். கீழே வைத்தார். நாங்கள் நாலு பேரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"கீழ கேக்குது" என்றார். கையால் அமுக்கிப் பார்த்தார். "தலை எறங்கியிருக்குது. இனி நெருப்பு வேண்டாம், நிறுத்திக்கங்க. யாரு கைக்குத் திரும்புச்சு, சித்தா?"

சித்தன் அப்பாவைக் காட்டினான். முனியப்பன் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

சிஸ்டர் விடவில்லை. மறுபடி திரும்பிக்கொண்டாலும் கொள்ளும் என்று வாரா வாரம் பார்த்தார். கடைசி வாரத்தில் ஆராயியை மருந்தகத்திலேயே தங்கவைத்தார். சித்தன் துணைக்கு இருந்தான். மாட்டையும் ராகியையும் பார்த்துக்கொள்ளப் பெரியவர் ஊட்டிலேயே இருந்தார். மார்கழி பிறந்து நாலாம் நாள், தபால் கட்டை நான் பிரித்துக்கொண்டிருந்தபோது சித்தன் தபாலாபீசுக்கு ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, "அப்பனுக்கு நீங்க சொல்லிருங்க" என்று திரும்ப ஓடினான்.

அன்றைக்குக் கரடியூர்ப் பக்கம் ஒரு கடிதமும் இல்லை. போனேன். கடைவீதியில் ஒரு நிமிஷம் நின்று ஒன்று வாங்கிக்கொண்டு போனேன்.

பெரியவர் களத்தில் ராகி காயவைத்துக்கொண்டிருந்தார். வெயில் நன்றாக அடித்தது. என்னைப் பார்த்ததும் துழாவுகட்டையைக் கீழே போட்டார். அருகில் வரவில்லை.

"பொண்ணுங்க" என்றேன். "தலைதான் மொதல்ல வந்துச்சாம். அழுத சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுச்சாம். தாயும் புள்ளையும் சுகம்."

அப்படியே ராகியின்மேல் உட்கார்ந்துவிட்டார். தோள்துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முட்டி மடங்கியது. அதை அப்போதுதான் கவனித்தேன்.

கொஞ்சம் தெளிந்ததும் உள்ளே போய் ஒரு நீல உருளையோடு வந்தார். கடைசியாக மிஞ்சியது. மூக்கருகே வைத்து முகர்ந்தார். தீப்பெட்டியை எடுத்து நீட்டினேன். "குடிங்க. இனி யாரு கேக்கப்போறாங்க?"

"அட, என்ன ஆளுங்க நீங்க! இது சுருட்டு இல்லீங்க" என்று அதட்டினார். துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் குதிருக்குள் ராகியோடு வைத்தார். "மலையில இன்னும் எத்தன பொண்ணுங்க இருக்குதுங்க" என்றார்.

நான் தபால் பையைத் திறந்து கடைவீதியில் வாங்கிய ஒரு கட்டுச் சுருட்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "உங்களுக்கு ஒரு பார்சலுங்க."

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து அவர் பேருக்கு ஒரு பார்சல் வந்ததில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, மஞ்சள் கறை படிந்த கட்டைவிரலை என் முன்னால் நீட்டினார்.

"கைநாட்டு எங்கீங்க வெக்கோணும்?"

"இதுக்கு வேண்டாமுங்க" என்றேன்.